ஒப்புதலும் ஒப்பமும்: மனிதரைப் பங்கேற்பாளராகக் கொண்ட ஆய்வுகளில் அறநெறிக் கண்காணிப்பு

ஆய்வுச் சுருக்கம்

மனிதரின் உடலைத் தொடும் மருத்துவ ஆய்வுகளுக்கு அறநெறிக் குழுவின் முன்னிசைவு இந்தியாவில் இன்று கட்டாயமாகியுள்ளது. மனிதரின் சொல்லைத் தொடும் தமிழியல் கள ஆய்வுகளில் இக்கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. ஒருவர் இட்ட ஒப்பத்தை அவருடைய ஒப்புதலாகக் கொண்டுவிடாமல் காப்பதே கண்காணிப்பின் அடிப்படைப் பணி என்று இக்கட்டுரை கொள்கிறது. அதனைத் தமிழகத்தில் நடந்த மருத்துவ ஆய்வுகளின் வரலாறு, ஒப்புதல் படிவங்களின் தமிழ், ஆய்வேடுகளின் தகவலாளர் பட்டியல் ஆகியவற்றின் வழியே, திருவாமாத்தூரைக் களமாக முன்வைத்து விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அறநெறிக் குழு, தகவலறிந்த ஒப்புதல், கள ஆய்வு, தகவலாளர், திருவாமாத்தூர், வட்டப்பாறை.

முன்னுரை

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர், தேவார மூவரின் பாடல் பெற்ற நடுநாட்டுத் தலங்களுள் ஒன்று. இரட்டைப்புலவர் பாடிய கலம்பகத்தால் இலக்கிய வரலாற்றிலும் இடம்பெற்றது. சுற்றுவட்டார மக்களுக்கோ இது வட்டப்பாறையின் ஊர். கொடுக்கல் வாங்கலிலும் பங்கு பிரிப்பதிலும் தகராறு முற்றும்போது எதிராளியை இப்பாறையின் முன் நிறுத்திச் சத்தியம் கேட்பது பழைய வழக்கம். தம்பிக்குரிய பங்கை மறைத்துப் பொய்ச்சத்தியம் செய்த அண்ணனைப் பாம்பு தீண்டியது என்னும் கதை, சிறுசிறு வேறுபாடுகளுடன் இப்பகுதியில் வழங்கி வருகிறது.

இவ்வூர்க் கோயிலின் இடைக்காலக் கல்வெட்டு ஒன்று, திருப்பதியம் பாடுவதற்குப் பார்வையற்றோர் பதினாறு பேரையும், அவர்களுக்குக் 'கண்காட்டுவார்' இருவரையும் அமர்த்தி, அனைவருக்கும் வாழ்வூதியம் வகுத்த செய்தியைத் தருகிறது. பாடகர்களுக்கு மட்டும் நிவந்தம் தந்து நிறுத்தியிருக்கலாம். காணவியலாதவரின் பக்கம் நின்று காண்பதும் ஊதியத்துக்குரிய தனிப்பணி என்று அக்காலத்தார் கருதியிருக்கின்றனர்.

சத்தியம் வாங்கும் பாறை, உடன்நின்று காணும் பணி ஆகிய இரண்டும் இன்றைய ஆய்வு உலகின் சிக்கல் ஒன்றை விளக்கப் பயன்படுகின்றன. ஆய்வாளர் ஒருவர் மற்றொருவரின் உடலிலிருந்தோ நினைவிலிருந்தோ எதையோ பெறுகிறார். பெறும்போது ஒப்பம் வாங்குகிறார். அவர் கேட்டது இன்னதென்று கொடுத்தவருக்கு விளங்கியதா என்பதை யார் உடனிருந்து காண்பது?

அளக்கப்பட்டவர்கள்

1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். அளவுகோல்களுடன் ஊர் ஊராகச் சென்று மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து சேர்த்த எண்கள் அவற்றில் உள்ளன. வயநாட்டுப் பணியர் பெண்கள் தம்மைக் கண்டு ஓடியதை அவரே தம் முன்னுரையில் வேடிக்கையாகக் குறிப்பிடுகிறார்: தங்களுள் நல்ல உடற்கட்டுடையவர்களைப் பிடித்துப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார் என்று அப்பெண்கள் அஞ்சினராம். அவருக்கு வேடிக்கையாகத் தோன்றியது அப்பெண்களைப் பொறுத்தவரை பிழையற்ற ஊகமே. அருங்காட்சியகத்திலிருந்து வந்தவர், விலங்குகளைப் பாடம் செய்து வைப்பவர், எதற்காக அளக்கிறார் என்று எவரும் சொல்லாத நிலையில் வேறு எம்முடிவுக்கு அவர்கள் வந்திருக்க முடியும்?

விடுதலைக்குப் பின் இக்கேள்வி பொதுவெளிக்கு வந்தது காசநோய்த் தடுப்பூசியின் பெயரால். பி.சி.ஜி. ஊசியைத் திரள்திரளாக இடும் இயக்கத்தை எதிர்த்து, முதலமைச்சர் பொறுப்பிலிருந்து விலகிய மறு ஆண்டில், 1955இல், இராஜாஜி ஒரு சிறுநூலே வெளியிட்டார். அவருடைய மருத்துவ வாதங்களை எடைபோடுவது இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. ஆயினும் அறிவியலின் பெயரால் மக்கள் கூட்டத்துக்குச் செய்யப்படுவதை அக்கூட்டத்தின் பக்கம் நின்று கேள்வி கேட்கலாம் என்பதை அவ்விவாதம் நிலைநாட்டியது.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1968இல், அதே தடுப்பூசியைச் சோதிக்கும் மாபெரும் ஆய்வு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரை ஒட்டிய பகுதிகளில் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் நடத்திய இவ்வாய்வில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி பெற்றனர். ஒரு பகுதியினருக்கு இடப்பட்டது மருந்தற்ற போலி ஊசி. எவருக்கு எது இடப்பட்டது என்பது பெற்றவருக்கும் தெரியாது, இட்டவருக்கும் தெரியாது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி தடுக்கவில்லை என்னும் முடிவு உலகெங்கும் அதிர்வை ஏற்படுத்தியது. இன்றுவரை காசநோய் பற்றிய நூல்களில் செங்கல்பட்டு என்னும் பெயர் இடம்பெறுவது இதனால்தான்.

செங்கல்பட்டில் அறமீறல் நிகழ்ந்தது என்பது இக்கட்டுரையின் வாதமன்று. அந்த ஆய்வு தொடங்கியபோது இந்தியாவில் இதற்கென நெறிமுறை ஆவணம் ஒன்றுகூட இல்லை என்பதே கருதத்தக்கது. நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்பிலிருந்து 1947இல் பிறந்த நியூரம்பர்க் நெறிகளும், 1964இன் எல்சிங்கி அறிவிப்பும் உலக அரங்கில் இருந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் கொள்கை அறிக்கை, நீதிபதி எச்.ஆர். கன்னா தலைமையிலான குழுவின் பெயரால், 1980 பிப்ரவரியில்தான் வந்தது. செங்கல்பட்டுக் களத்தில் முதல் ஊசி இடப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

குழுவும் பொதுநபரும்

1980க்குப் பின் விதிகள் அடுத்தடுத்து வந்தன. கழகத்தின் விரிவான வழிகாட்டு நெறிகள் 2000இல் வெளியாகி 2006இலும் 2017இலும் திருத்தம் பெற்றன. புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகளுக்கான விதிகள் 2019இல் நடைமுறைக்கு வந்தன. முந்தைய ஆவணங்களில் ஆய்வுக்கு 'உட்படுவோர்' எனப்பட்டவர், 2006இல் 'பங்கேற்பாளர்' ஆனார். பெயரை மாற்றுவது எளிது என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. உட்படுபவருக்குப் பாதுகாப்பு மட்டுமே வேண்டும். பங்கேற்பவருக்கோ கேள்வி கேட்கவும் இடையில் விலகவும் உரிமை வேண்டும்.

2017 நெறிகளின்படி அறநெறிக் குழுவில் ஏழு முதல் பதினைந்து உறுப்பினர்கள் இருத்தல் வேண்டும். தலைவர் அந்நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வரவேண்டும். உறுப்பினர்களில் பாதியளவினரேனும் நிறுவனத்தைச் சாராதவராக இருத்தல் நன்று. மருத்துவர், சட்டம் அறிந்தவர், சமூக அறிவியலார் ஆகியோருடன் பொதுநபர் ஒருவரும் அமர்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்த, மருத்துவத் துறை சாராத ஒருவர். பங்கேற்பாளரின் கோணத்திலிருந்து நன்மை தீமைகளை எடைபோடுவதும், ஒப்புதல் படிவத்தை அதன் மொழிபெயர்ப்புடன் பார்ப்பதும் அவருடைய பணி. கூட்டத்தில் மருத்துவப் பேராசிரியர்களுக்கு நடுவே அவர் பேசத் தயங்குவது இயல்பு. ஆயினும், இக்கட்டுரையின் கருத்தில், குழுவின் மிக இன்றியமையாத இருக்கை அவருடையதே. திருவாமாத்தூர்க் கல்வெட்டின் கண்காட்டுவாருக்கு இணையான இடம் இன்றைய அமைப்பில் உண்டென்றால் அது இதுதான்.

'பரிசோதனை' என்னும் சொல்

அப்பொதுநபர் தமிழ்ப் படிவத்தில் எதைத் தேட வேண்டும்? மருத்துவ நூல்கள் இவ்வினாவுக்கு அதிகம் உதவுவதில்லை. இது தமிழாய்வு சார்ந்த வினா.

'பரிசோதனை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனைக்குச் செல்லும் எவருக்கும் இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, கண் பரிசோதனை என்பன பழகிய தொடர்கள். அங்கெல்லாம் பரிசோதனை என்பது நோயாளியின் நன்மைக்காக அவர் உடலில் நோய் உண்டா என்று பார்ப்பது. படிவத்திலோ அதே சொல், பயன் இன்னும் உறுதிப்படாத மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதைக் குறிக்கிறது. முதலாவதில் அறியப்படுவது நோய். இரண்டாவதில் அறியப்படுவது மருந்து. 'இப்பரிசோதனைக்குச் சம்மதிக்கிறேன்' என்று ஒருவர் கையொப்பமிடும்போது, தம்மை நன்றாகப் பார்க்கப் போகிறார்கள் என்றே எண்ணக்கூடும். ஆய்வைச் சிகிச்சையாக மயங்கிக் கொள்ளுதல் என்று உலகெங்கும் பேசப்படும் சிக்கல், தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. 'இந்த மருந்து வேலை செய்யுமா என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவே உங்களிடம் கேட்கிறோம்' என்று இரண்டு தொடராக எழுதினால் மயக்கம் தீரும். எழுதுவதற்குத் துணிவு வேண்டும். தெரியாது என்பதை மருத்துவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறதே.

'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு', 'மருந்துப்போலி' போன்ற கலைச்சொற்களும் இத்தகையவை. கலைச்சொல்லாக்கத்தில் இவை வெற்றிகள், படிவத்தில் சுவர்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் யாருக்கு எந்த ஊசி என்று முடிவாகும், அதில் மருந்தே இல்லாத ஊசியும் ஒன்று என்று சொன்னால், ஏலச்சீட்டு நடக்கும் எந்தத் தெருவிலும் விளங்கும்.

இன்னொன்று நடை. சுயநினைவுடன், முழுமனதுடன், எவ்வித வற்புறுத்தலும் இன்றி என்று தொடங்கும் படிவ நடை, சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திர எழுத்தர்கள் எழுதும் கிரயப் பத்திரத்தின் நடை. அந்நடையைக் கேட்டதும், எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது என்பதே கிராமத்து மனிதரின் நினைவுக்கு வரும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதைச் சொல்ல வேண்டிய ஆவணம், விலகவே முடியாத ஆவணத்தின் குரலில் பேசுகிறது.

கைநாட்டு

படிவம் நன்றாக அமைந்துவிட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குசராத்தின் வதோதராவிலும் 2009இல் தொடங்கிய எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வு இதற்குச் சான்று. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் அவ்வூசி பள்ளிச் சிறுமியருக்கு இடப்பட்டது; கம்மத்தில் பலர் பழங்குடி விடுதி மாணவியர். சிறுமியர் ஏழு பேர் இறந்ததைத் தொடர்ந்து 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. அத்தடுப்பூசி பயனற்றது என்று இதிலிருந்து கொள்வது பிழை. பல நாடுகளில் அது இன்று வழக்கமான தடுப்பூசி. விசாரணையில் வெளிப்பட்ட குறை வேறு. ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 கைநாட்டுகள்; 2,763 படிவங்களில் ஒப்பமிட்டிருந்தவர் விடுதிக் காப்பாளர். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் தந்த அறிக்கை இதனைக் கடுமையாகக் கண்டித்தது.

காப்பாளரைத் தீயவர் என்று கொள்ள வேண்டியதில்லை. விடுதிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் அவர்தான் ஒப்பமிடுகிறார். அரிசி வந்ததற்கும் அவரே, மாத்திரை கொடுத்ததற்கும் அவரே. அதிகாரம் உள்ளவர் ஒப்பமிடுவது நம் நிறுவனங்களில் அவ்வளவு இயல்பு. தடுக்க வேண்டியவர்கள் அது நடக்கும் இடத்தில் இல்லை. கூட்ட அறையில் தாளைப் பார்த்து இசைவளித்த குழு, ஒப்பம் வாங்கப்பட்ட இடத்தைச் சென்று பார்த்தாலன்றி இது தெரிய வழியில்லை.

2017 நெறிகள் இதற்கு இரண்டு வழிகள் சொல்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது ஆய்வுக் குழுவைச் சாராத நடுநிலைச் சாட்சி ஒருவர் இருக்க வேண்டும். ஊர்த் தலைவரின் இசைவு தனிமனிதரின் ஒப்புதலுக்கு ஈடாகாது. பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும்: ஏழு முதல் பதினொரு வயதினர் வாய்மொழியாகவும், பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதினர் எழுத்திலும், பெற்றோர் ஒப்புதலுக்கு மேலாகத் தம் இசைவைத் தருதல் வேண்டும். உச்ச நீதிமன்ற வழக்கு ஒன்றின் விளைவாக 2013இல் ஒப்புதல் பெறுவதையே ஒலி ஒளிப்பதிவு செய்யும் விதி வந்தது. பின்னர் 2015இல் அதன் எல்லை குறைக்கப்பட்டபோது, எச்.ஐ.வி., தொழுநோய் மருந்து ஆய்வுகளுக்கு ஒலிப்பதிவு மட்டும் போதும் என்றனர். முகம் பதிவாவதே அங்குத் தீங்காகலாம். பாதுகாக்க வந்த விதியே காட்டிக்கொடுக்கவும் கூடும் என்பதை உணர்ந்து செய்த திருத்தம் அது.

தகவலாளர் பட்டியல்

இவை அனைத்தும் மருத்துவத்துக்கு. நாட்டுப்புறவியலிலும் சமூக மொழியியலிலும் தமிழ்த்துறைகளில் எழுதப்பட்ட ஆய்வேடுகளின் பின்னிணைப்பில், 'தகவலாளர் பட்டியல்' என்னும் பகுதி நெடுங்காலமாக மரபு. பெயர், வயது, சாதி, தொழில், ஊர், சேகரித்த நாள் என்று கட்டம் கட்டமாகச் செல்லும் அப்பட்டியல், தரவு நேரில் திரட்டப்பட்டது என்பதற்கான சான்று. அதை இயற்றிய தலைமுறையின் நோக்கம் நேர்மையானது. ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்கில் இருக்கும், பத்துப் பேர் பார்ப்பார்கள் என்பது அக்கால நிலை.

அந்நிலை மாறிவிட்டது. ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்னும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிக்குப் பின், சோத்கங்கா களஞ்சியத்தில் அவை உலகத்தார் யாவரும் காணக் கிடைக்கின்றன. வசைச்சொற்களைத் தொகுத்தவரின் ஏட்டில் அவற்றைச் சொன்ன பெண்ணின் பெயரும் ஊரும் சாதியும் இருக்கலாம். பேய்பிடித்தல், மலடு நீங்க வேண்டுதல், சாதி மோதல் பற்றிய நினைவு என எதைச் சொன்னவரும் இவ்வாறே. கூத்தாண்டவர் திருவிழாவுக்குக் கூவாகம் வரும் திருநங்கையரின் வாழ்க்கைக் கதையோ, திண்டிவனம் பகுதி இருளர் குடியிருப்பொன்றில் காவல்துறை பற்றிச் சொல்லப்பட்டதோ பெயருடன் வெளியானால், விளைவு ஆய்வாளருக்கு வராது; சொன்னவருக்கு வரும். 2023இன் மின்னணுவழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்கூட ஆய்வுக்கெனச் சில விலக்குகளை அளித்துள்ளது. எனவே பொறுப்பு ஆய்வாளரிடமும் அவர் துறையிடமுமே திரும்புகிறது.

மருத்துவக் குழுவின் விதிகளை அப்படியே தமிழ்த்துறைக்குக் கொண்டுவரலாமா? அமெரிக்காவில் நீண்ட வாதத்துக்குப் பின், 2018இல் நடைமுறைக்கு வந்த திருத்த விதிகள் வாய்மொழி வரலாற்றை இத்தகைய மேற்பார்வையிலிருந்து விலக்கின. ஊசி ஆய்வுக்கான அளவுகோல் பாட்டியின் கதைக்குப் பொருந்தாது என்பதில் உண்மை உண்டு. பெயரை மறைத்தல் எப்போதும் நன்மை என்பதும் இல்லை. தெருக்கூத்து வாத்தியார் ஒருவரின் பாடத்தைப் பதிவுசெய்துவிட்டு அவரை 'தகவலாளர் 7' என்று குறிப்பது பாதுகாப்பாகாது, திருட்டு. அவருக்குரிய புகழை அவர் கண்முன்னே ஆய்வாளர் தம் பெயருக்கு மாற்றிக்கொள்கிறார். கூத்து வாத்தியாருக்குப் பெயர் வேண்டும். வசைச்சொல் சொன்ன பெண்ணுக்கு வேண்டாம். யாருக்கு எது என்பதை ஆய்வாளர் ஊகிக்கக் கூடாது. 'உங்கள் பெயரைப் போடலாமா? இது கைப்பேசியில் எவர் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும்' என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். கையெழுத்து என்றதும் கடன் பத்திரமும் வெற்றுத்தாளும் நினைவுக்கு வரும் ஊரில், இக்கேள்வியும் விடையும் ஒலிப்பதிவில் இருந்தால் போதும். எழுத்து பொருந்தாத சூழலில் வாய்மொழி ஒப்புதலுக்கு 2017 நெறிகளும் இடம் தருகின்றன.

வட்டப்பாறையில்

திருவாமாத்தூரில் கள ஆய்வு செய்யும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அண்ணன் தம்பிக் கதையைச் சொல்பவருக்கு எத்தீங்கும் இல்லை; கதை ஊருக்குப் பொது. அடுத்து அவர், 'அண்மையில் இங்கே யாராவது சத்தியம் செய்தார்களா?' என்று கேட்பார். ஆய்வுக்கு இன்றியமையாத கேள்வி அது. நம்பிக்கை உயிருடன் இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். விடையாக ஒரு பெண் தன் வீட்டு வழக்கைச் சொல்கிறார். நகை காணாமல் போனது. உறவினர் ஒருவரைச் சத்தியத்துக்கு அழைத்தது. அவர் வர மறுத்தது. சொல்லும் பெண் முழு மனதுடன் ஒப்புதல் தந்திருக்கிறார். வர மறுத்த உறவினரிடம் எவரும் கேட்கவில்லை. ஆய்வேட்டில் அவர் திருடர் ஆகிறார்.

பெயரை மாற்றினால் போதும் என்று கைநூல்கள் சொல்லும். நகரத்தில் போதலாம். சிற்றூரில், மேலத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் இரண்டாம் தாரத்து மகன் என்று ஒரு தொடர் இருந்தால் பெயரே தேவையில்லை. அத்தொடரை நீக்கினால் ஆய்வாளருக்கு வேண்டிய உறவுமுறைச் செய்தி போய்விடுகிறது. எதை நீக்கலாம், எது இல்லாமல் வாதம் நிற்காது என்பதை ஏட்டின் நெறியாளர் மட்டும் முடிவு செய்வதைவிட, அவ்வட்டாரத்தை அறிந்த, துறையைச் சாராத ஒருவர் அப்பகுதியை மட்டும் படித்துச் சொல்வது மேல். அதற்குப் பதினைந்து உறுப்பினர் வேண்டியதில்லை. துறை ஆய்வுக் குழுவில், களப்பணிக்குச் செல்லும் முன் ஒருமுறையும் ஏட்டை ஒப்படைக்கும் முன் ஒருமுறையும், அத்தகைய ஒருவர் அமர்ந்தால் போதும்.

இனி எழுதப்படும் ஏடுகளுக்கு இது உதவும். ஏற்கெனவே களஞ்சியத்தில் ஏறிவிட்ட பட்டியல்களில் உள்ளவர்களில் பலர் இன்று உயிருடன் இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஊரின் பெயரைத் தேடும்போது பாட்டியின் பெயர் சாதியுடனும் அவர் சொன்ன சொற்களுடனும் திரையில் வந்து நிற்கும். அப்பட்டியலை மட்டும் மூடி வைத்து ஏட்டைத் திறந்து வைக்க, துறைகள் பழைய பின்னிணைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்க வேண்டியிருக்கும்.